ஹாலில் நாலு மணி நேரம் நடந்த கோட்டு

ஜங்புரா எக்ஸ்டென்ஷன்,
புது தில்லி.
16.2.2026, திங்கள்.

அன்பு மகள் கவிப்ரியாவுக்கு அம்மா எழுதுவது.

இங்கே நானும் அப்பாவும் நலம். இது ஞாயிறுதோறும் உன் போனுக்கு வருகிற நலம் இல்லை, நானே பேனா பிடித்து எழுதுகிற நலம், இதில் கொஞ்சம் குறையும் உண்டு, மேலே படித்தால் தெரியும். அங்கே நீயும் மாப்பிள்ளை ப்ரணவும் எப்படி இருக்கிறீர்கள்? உங்கள் வீட்டில் யார் எத்தனை மணிக்கு எழுந்தார்கள், அடுப்பை அணைத்தார்களா என்று எனக்குச் சொல்ல ஒரு டப்பாவும் இல்லாததால் வாயைத் திறந்து கேட்கிறேன். டப்ளினில் எந்நேரமும் மழை என்கிறாய், ஈரக் காலுறையோடு ஆபீசில் உட்காராதே, ஒரு ஜோடி கூடுதலாகப் பையில் வைத்துக்கொள். வாட்ஸப் இருக்கும்போது அம்மா எதற்கு ஸ்பீட் போஸ்டுக்கு வரிசையில் நிற்கிறாள் என்று நினைப்பாய். வாட்ஸப்பில் எழுதினால் அப்பா எட்டிப் பார்ப்பார், ஹாலில் பேசினால் நீ வாங்கிக் கொடுத்த பேசும் டப்பா கேட்டுக்கொண்டிருக்கும், காகிதம் ஒன்றுதான் இந்த வீட்டில் யாருக்கும் சேதி சொல்லாமல் கிடக்கிறது. நீ தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய், பரவாயில்லை, இரண்டு நாள் எடுத்துக்கொள். மாப்பிள்ளையைப் படித்துக் காட்டச் சொல்லாதே, அவர் சிரிக்கிற இடத்தில் சிரித்துவிட்டு முக்கியமான இடத்தைத் தாண்டிப் போய்விடுவார்.

போன அக்டோபரில் நீ இரண்டு வார லீவில் வந்ததிலிருந்து சொல்கிறேன். வந்த மூன்றாம் நாளே எலக்ட்ரீஷியன் ராம்கிலாவனைக் கூப்பிட்டு வீட்டை மாற்றினாய். சுவரை உடைப்பானோ என்று நான் பயந்தேன், ஒரு செங்கல்லைக்கூட அவன் தொடவில்லை, பழைய சுவிட்ச் போர்டைக் கழற்றி அதன் பின்னால் தீப்பெட்டி அளவில் ஒன்றைச் செருகி மறுபடி மூடிவிட்டான். கெய்சருக்குத் தானாக அணைகிற பிளக், ஆள் நடமாட்டம் பார்க்க அறைக்கு ஒரு சென்சார், அடுப்புக்கு மேலே கேஸ் சென்சார், வாசலுக்குக் கைரேகைப் பூட்டு, எல்லாம் சேர்ந்து ஒரு நல்ல ஃபிரிட்ஜ் விலைகூட ஆகவில்லை என்று நீ பெருமையாகச் சொன்னாய். நான் அநியாயம் பேச மாட்டேன், கட்டிலுக்கு அடியில் கால் வைத்ததும் எரிகிற அந்தச் சின்ன விளக்குக்காக உன்னைத் தினமும் வாழ்த்துகிறேன். கெய்சரை அணைத்தாயா என்று நானும் அப்பாவும் போட்ட சண்டை முப்பது வருஷத்துக்குப் பிறகு நின்றிருக்கிறது. ஆனால் ஏர்போர்ட்டில் பெட்டியைத் தள்ளிக்கொண்டே நீ ஒன்று சொன்னாய். கோயம்புத்தூரில் முதியோர் குடியிருப்பில் உங்களுக்கு ஒரு இடம் சொல்லி வைத்திருக்கிறேன், மார்ச் கடைசிக்குள் அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும், அதுவரை இந்தச் சென்சார்களின் செயலி ஞாயிறுதோறும் என் போனுக்கு அனுப்புகிற ரிப்போர்ட்டைப் பார்ப்பேன், அதில் சிவப்பு எச்சரிக்கை விழாமல் இருந்தால் தில்லியிலேயே இருங்கள், விழுந்தால் வீட்டை விற்றுவிட்டு அங்கே போய்விடுங்கள் என்றாய். அப்பா தலையை ஆட்டினார்.

இந்த வீடு எனக்கு என்ன என்பதை உன்னிடம் நான் சொன்னதில்லை. சரோஜினி நகர் குவார்ட்டர்சில் இருபத்தேழு வருஷம் இருந்தோம், சுவரில் ஓர் ஆணி அடிக்க வேண்டுமென்றாலும் அரசாங்கச் சுவராயிற்றே என்று தயங்குவோம். இந்த இரண்டாம் மாடி வீட்டுக்கு வந்த அன்று அப்பா பதினோரு ஆணி அடித்தார், மாட்டுவதற்கு எங்களிடம் ஒரு காலண்டர்தான் இருந்தது. மீதிப் பத்து ஆணியையும் நான் இன்றுவரை பிடுங்க விடவில்லை. இந்த வீட்டை விட்டுப் போக எனக்கு மனசில்லை, கவி. அதனால்தான் இனி எழுதப்போகிற கூத்தெல்லாம் நடந்தது.

நீ விமானம் ஏறிய பத்தாம் நாள் வற்றல்குழம்புக்குத் தாளித்தேன். மிளகாயும் பெருங்காயமும் பொரிந்த வாசனைக்கு அந்தக் கேஸ் சென்சார் ஊரைக் கூட்டிவிட்டது. உனக்குச் சேதி வந்து, நீ மேல்வீட்டு சச்தேவா ஆன்ட்டிக்கு போன் செய்து, அவர் காவலாளிக்கு போன் செய்து, அவன் மணல் வாளியோடு ஓடிவந்து, எதிர்த்த வீட்டுக்காரர் மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு, ஐந்து நிமிஷத்தில் என் சமையலறையில் ஒன்பது பேர் நின்று குழம்புச் சட்டியைப் பார்த்தார்கள். ஒன்றும் எரியவில்லை, மிளகாய்கூடக் கருகவில்லை, ரிப்போர்ட்டில் மட்டும் ஒரு சிவப்பு விழுந்துவிட்டது. அன்றைக்கே முடிவு செய்தேன், இனி இந்த அடுப்பில் தாளிப்பு கிடையாது. சச்தேவா ஆன்ட்டியிடம் உங்கள் அடுப்பைக் கொடுங்கள் என்றேன். அச்சா, ரோஜ் சாம்பார் மிலேகா, ரோஜ் சாம்பார் கிடைக்குமே என்று அவருக்கு ஒரே சந்தோஷம். பிறகு பார்த்தால் அப்பா மத்தியானம் தூங்குவதை அந்த ரிப்போர்ட் இயக்கம் குறைவு என்று எழுதுகிறது. சரி, வெயில் நன்றாக இருக்கிறது, மொட்டை மாடியில் பாய் விரித்துத் தூங்குங்கள் என்று அவரை மேலே அனுப்பினேன். நான் குளித்துவிட்டு வர அரை மணி ஆவதற்கு மஞ்சள் போட்டது, ஆன்ட்டி வீட்டுக் குளியலறைக்குப் போனேன். டிசம்பர் பாதியில் கணக்குப் பார்த்தால் நாங்கள் சமைப்பது, சாப்பிடுவது, குளிப்பது, தூங்குவது எல்லாம் மாடியில், ராத்திரிப் படுக்கைக்கு மட்டும் கீழே. உன் ரிப்போர்ட்டில் வீடு நூற்றுக்கு நூறு வாங்கிவிட்டது. வீடு அவ்வளவு ஒழுங்காக இருந்தது, நாங்கள்தான் அதில் இல்லை.

அதற்கும் அந்த ரிப்போர்ட் குறை சொன்னது. பகலில் வீட்டில் அசைவே இல்லை என்று மஞ்சள். இப்போது நான் செய்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. உனக்குத் தெரியும், நான் முப்பத்தொரு வருஷம் எஸ்டாப்ளிஷ்மென்ட் செக்‌ஷனில் வருகைப் பதிவேட்டோடு வாழ்ந்தவள். தில்லி குளிர்காலத்தில் எங்கள் ஆபீசில் பதினோரு மணிக்கு மேல் நாற்காலிகளில் கோட்டுகள்தான் உட்கார்ந்திருக்கும். ஆள் கோட்டைத் தொங்கவிட்டு, திறந்த ஃபைல் மேல் மூக்குக் கண்ணாடியையும் வைத்துவிட்டு, புல்வெளி வெயிலில் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருப்பார். கேட்டால் சாஹேப் இங்கேதான் இருக்கிறார், கோட்டு இருக்கிறதே என்பார்கள். அந்தக் கோட்டுகளுக்கு எத்தனை மெமோ கொடுத்திருக்கிறேன். அதே நான் அப்பாவின் கல்யாணத்துக் கோட்டை எடுத்து, தலையை ஆட்டி ஆட்டிச் சுற்றுகிற நிற்கும் ஃபேனில் மாட்டினேன். முதல் நாள் பலிக்கவில்லை. ராம்கிலாவனிடம் சும்மா கேட்பதுபோல் கேட்டேன். ஆன்ட்டிஜி, கரம் சீஸ் ஹில்னி சாஹியே, பஸ் என்றான், சூடான ஏதாவது அசைந்தால் போதும், அது ஆள் என்று நினைத்துக்கொள்ளுமாம். கோட்டின் உள்பையில் வெந்நீர் ரப்பர் பையை வைத்துத் தைத்தேன். அப்பா வேலையில் இருந்தபோது மெஷின் படம் வரைந்தவர் அல்லவா, கிராஃப் தாளில் சென்சாரின் பார்வை எவ்வளவு அகலம், ஃபேன் எங்கே நிற்க வேண்டும் என்று ஸ்கேல் வைத்து வரைந்து கொடுத்தார். இரண்டு மணிக்கொரு தரம் கீழே வந்து கெட்டிலில் வெந்நீர் போட்டு மாற்ற வேண்டும், ஒரு நாள் நான், ஒரு நாள் அவர் என்று டூட்டி போட்டுக்கொண்டோம்.

அந்த ஞாயிறு உன் ரிப்போர்ட்டில், அப்பா தினமும் சராசரி நாலு மணி நேரம் ஹாலில் நடக்கிறார் என்று வந்தது. நீ அதைக் குடும்பக் குரூப்பில் போட்டு, எழுபத்தொரு வயதில் எங்கப்பாவைப் பாருங்கள் என்று எழுதினாய். மதுரையிலிருந்து ஜெயபால் சித்தப்பா போன் செய்து, அண்ணே, முட்டி வலிக்காம எப்படிண்ணே நடக்கிறீங்க என்று கேட்டார். அப்பா கொஞ்சமும் கூசாமல், மொதல்ல சின்னச் சின்ன வட்டமா நடக்கணும், முதுகு நேரா இருக்கணும், மூச்சை விட்டுடக் கூடாது என்று அரை மணி நேரம் சொல்லிக்கொடுத்தார். சித்தப்பா இப்போது மதுரையில் நிஜமாகவே நடக்கிறார், நாலு கிலோ குறைந்திருக்கிறாராம். இந்தக் கோட்டினால் ஒருவருக்காவது உடம்பு தேறியதே என்று வைத்துக்கொள்.

முத்துமாரி கதையையும் சொல்ல வேண்டும், அவள் இல்லாவிட்டால் இந்தக் கடிதமே இல்லை. பக்கத்தில் நம் ஊர்க்காரர்கள் இருந்த மதராசி கேம்ப் குடிசைகளோடு அவள் வீட்டையும் இடித்த பிறகு அவள் தில்லியின் வடக்குக் கோடியில் நரேலாவுக்குக் குடிபோய்விட்டாள், ஆனாலும் பஸ்ஸும் மெட்ரோவுமாக மாறி மாறி நம் வீட்டு வேலைக்கு வருவதை விடவில்லை, பதினோரு மணிக்கு வந்து சேர்வாள். புதுப் பூட்டில் அவள் கைரேகையைப் பதிய ராம்கிலாவன் பத்து விரலையும் வைத்துப் பார்த்தான், பாத்திரம் தேய்த்துத் தேய்த்து ரேகை எல்லாம் வழவழவென்று ஆகிவிட்டது, பூட்டு ஒன்றையும் ஒப்புக்கொள்ளவில்லை. நம்பர் போட்டும் திறக்கலாம்தான், உன் அப்பா வாராவாரம் பாதுகாப்புக்காக நம்பரை மாற்றி, மாற்றிய நம்பரை அவரே மறந்து நிற்பார். முத்துமாரிதான் சிரித்துக்கொண்டே, கை தேஞ்சாத் தேயட்டும்மா, காலு இன்னும் தேயல என்று செருப்பைக் கழற்றினாள். கால் பெருவிரல் முதல் தடவையிலேயே பதிந்துவிட்டது. அன்றிலிருந்து வாசலில் ஒரு ஸ்டூல் போட்டிருக்கிறோம், அவள் அதில் உட்கார்ந்து காலைத் தூக்கிப் பூட்டில் வைப்பாள், கதவு திறக்கும், பார்த்துக்கொண்டிருக்கிற எதிர்வீட்டுக்காரர் மரியாதையாக முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

இப்போது குறையைச் சொல்கிறேன், உட்கார்ந்துகொண்டு படி, எனக்கு இப்போது ஒன்றுமில்லை. ஜனவரி இருபத்தெட்டு புதன்கிழமை காலை ஒன்பதரைக்கு வெந்நீர்ப் பையை மாற்றிவிட்டு, மேலே கொண்டுபோக அரிசி எடுக்கலாம் என்று சமையலறைக்குள் போனேன். கெட்டில் தண்ணீர் தரையில் சிந்தியிருந்ததை நான் கவனிக்கவில்லை, வழுக்கி விழுந்துவிட்டேன். இடுப்பில் சுரீரென்று பிடித்து எழுந்திருக்கவே முடியவில்லை. சச்தேவா ஆன்ட்டி குருத்வாராவுக்குப் போயிருந்தார், அப்பா அவர் வீட்டு டி.வி.யில் கிரிக்கெட், கிரிக்கெட் ஓடும்போது கட்டடமே இடிந்தாலும் ஓவர் முடியட்டும் என்பார். பகலில் ஒரு மணி நேரம் வீட்டில் அசைவு இல்லையென்றால் உனக்கும் ஆன்ட்டிக்கும் சேதி போகும் என்று நீ செய்து வைத்திருக்கிறாய், எவ்வளவு நல்ல ஏற்பாடு. ஹாலில் கோட்டு நன்றாக அசைந்துகொண்டிருந்தது. போன் ஹாலில். பேசும் டப்பாவிடம் உன்னைக் கூப்பிடச் சொல்லலாம் என்றால், முந்தின நாள் நானும் அப்பாவும் சண்டை போட்டபோது அது கேட்கக் கூடாது என்று இட்லிப் பானைக்குள் வைத்து மூடியிருந்தேன், பானை பரண் மேல். தரையில் கிடந்தபடி அதைப் பார்த்துக் கத்தினேன், உள்ளேயிருந்து ஏதோ மரியாதையாக முனகிவிட்டு அடங்கிவிட்டது. சிரிப்பு வந்தது, சிரித்தால் இடுப்பு வலித்தது, அதற்கப்புறம் சிரிப்பு வரவில்லை. பயந்துபோனேன் கவி, நன்றாகவே பயந்துபோனேன். ஒன்றரை மணி நேரம் அந்த ஃபேன் சுற்றுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கிடந்தேன்.

பதினோரு மணிக்குக் கதவு திறந்தது. முத்துமாரி ஹாலைத் தாண்டி வந்து என்னைப் பார்த்தவள், என்னம்மா இது, அய்யா கோட்டு அங்க சுத்திக்கிட்டு கெடக்குது, நீங்க இங்க விழுந்து கெடக்குறீங்களே என்று தலையில் அடித்துக்கொண்டு மாடிக்கு ஓடினாள். எலும்பு முறிவு இல்லை, சதைப் பிடிப்பும் சுளுக்கும்தான், டாக்டர் பெல்ட் கொடுத்து இரண்டு வாரம் படுக்கச் சொன்னார், இப்போது கைத்தடியோடு நடக்கிறேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து போனை எடுத்துப் பார்த்தால் பத்து மணிக்கு, அங்கே விடியாத நாலரைக்குக் கண் விழித்தாய் போலிருக்கிறது, உன்னிடமிருந்து ஒரு கட்டைவிரல் படமும் சிவப்பு இதயமும் வந்திருந்தது, அப்பா இன்றைக்கு இப்போதே நடக்க ஆரம்பித்துவிட்டாரே என்று. நான் தரையில் கிடந்த நேரம் அது. உன்மேல் குற்றமில்லை, பொய் வருகை பதிந்தவள் நான்.

விழுந்ததை உன்னிடம் சொல்ல வேண்டாம், கோயம்புத்தூர் என்பாள் என்று அப்பாவை அடக்கிவிட்டேன், அது என் தப்பு. படுக்கையில் வேலையில்லாமல் கிடந்ததால் அப்பா போனை வாங்கி அக்டோபரிலிருந்து அந்தச் செயலியில் பதிவான எல்லாவற்றையும் லீவ் ரெக்கார்டு பார்ப்பதுபோல் வரிசையாகப் பார்த்தேன். ஒரு விஷயம் உறுத்தியது. நாங்கள் மாடியில் சமைக்க ஆரம்பித்த பிறகு, டிசம்பரிலும் ஜனவரியிலும் நாலு ஞாயிற்றுக்கிழமை, நான் கோயிலுக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்து, கேஸ் அலாரம் அடித்திருக்கிறது. நாலு தடவையும் அடுத்த நிமிஷமே உன் கால் வந்திருக்கிறது, ஒரு தடவை நாற்பது நிமிஷம் பேசியிருக்கிறாய். சென்சார் கெட்டுப்போச்சும்மா என்று அவர் சொல்ல, நீ நம்பி அந்தச் சிவப்பைக் கணக்கில் சேர்க்காமல் புது சென்சார் அனுப்பியிருக்கிறாய், அலமாரியில் மூன்று டப்பா பிரிக்காமல் இருக்கிறது. அம்மா எங்கே என்று நீ கேட்டதற்குக் குளிக்கிறாள் என்றாராம், இதெல்லாம் பிறகு அவரே ஒப்புக்கொண்டது. ஒரு தாளில் தேதியும் நேரமும் எழுதி, மேற்படி நாட்களில் நடந்ததற்கு எழுத்துமூலம் விளக்கம் தரவும் என்று கையெழுத்துப் போட்டு அவரிடம் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு பால்கனிக்குப் போனார். பிறகு மெஷின் படத்துக்குக் கீழே எழுதுகிற அழகான எழுத்தில் இரண்டு வரி எழுதிக் கொண்டுவந்து தந்தார். சட்டியில் நாலு மிளகாய் போட்டால் கவி பேசுகிறாள். போடாவிட்டால் கட்டைவிரல் படம் அனுப்புகிறாள்.

அந்தத் தாளை இதனுடன் வைத்திருக்கிறேன். எனக்குக் கோபம்தான் வந்தது. சிவப்பு விழக் கூடாது என்று நான் வீட்டை விட்டே வெளியே குடித்தனம் நடத்துகிறேன், இந்த மனுஷர் வீடு போனாலும் போகட்டும் என்று மிளகாய் வறுக்கிறார், அதிலும் நாலு காலில் ஒன்றில்கூட என்னைப் பேச விடவில்லை. ஆனால் யோசித்துப் பார்த்தேன். அக்டோபருக்கு முன்னால் நீ தினமும் பஸ்ஸில் போகும்போது பேசுவாய், சாப்பிட்டீங்களா, என்ன சாப்பிட்டீங்க, முட்டிவலி எப்படி என்று கேட்பாய், உன் ஸ்டாப் வரும்வரை நாங்கள் சொல்லிக்கொண்டிருப்போம். இந்த ரிப்போர்ட் வர ஆரம்பித்த பிறகு உனக்குக் கேட்க எதுவும் இல்லாமல் போய்விட்டது. உனக்கு வேலை அதிகம் என்று நான் என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன், அப்பாவால் அது முடியவில்லை.

ஆகவே நேற்று இரண்டு காரியம் செய்தேன். கோட்டை இறக்கி டிரை கிளீனிங்குக்குக் கொடுத்துவிட்டேன், எங்கள் அடுப்பில் எங்கள் குழம்பைத் தாளித்தேன், கேஸ் சென்சாரை ராம்கிலாவன் அடுப்பிலிருந்து நாலடி தள்ளி சிலிண்டர் பக்கம் மாட்டிக் கொடுத்தான், சத்தமே இல்லை, முதலிலேயே அங்கேதான் வைத்திருக்க வேண்டுமாம். மற்ற எல்லாமும் அப்படியே இருக்கிறது, நல்ல பொருள்கள், இனி அசைவு இல்லையென்றால் சேதி சச்தேவா ஆன்ட்டிக்கும் அப்பாவுக்கும் போகும், அவர்களால் ஒரு நிமிஷத்தில் படியிறங்கி வர முடியும். இரண்டாவது காரியம், அந்தச் செயலியின் கணக்கு அப்பா நம்பரில்தான் இருக்கிறது என்பதால், உன் பெயரை அதிலிருந்து எடுத்துவிட்டேன். இந்தக் கடிதம் வர பத்து நாளாவது ஆகும், அதற்குள் ரிப்போர்ட் வரவில்லையே என்று நீ பதறிக் கூப்பிட்டிருப்பாய், நானும் ஒன்றுமில்லை, கடிதம் வருகிறது என்று சொல்லியிருப்பேன். கோயம்புத்தூருக்கு மார்ச் கடைசியில் நீ பதில் சொல்ல வேண்டாம், நானே போன் செய்து இப்போது வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். என் காலே முடியாது என்று சொல்கிற நாள் வந்தால் அதையும் உன்னிடம் நானே சொல்வேன், மறைக்க மாட்டேன், இந்த ஒரு வரியை மட்டும் அப்பாவைச் சாட்சி வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் மோர்மிளகாயும் அரிசி அப்பளமும் வாங்கி வைத்திருக்கிறேன், யார் அந்தப் பக்கம் வந்தாலும் கொடுத்தனுப்புகிறேன். மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசி, இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் அனுசரித்து, வேளைக்குச் சாப்பிட்டு, நூறு வருஷம் நன்றாக இருங்கள். ஒன்றை மறக்காதே. இனி நாங்கள் எப்படி இருக்கிறோம் என்று தெரிய வேண்டுமானால் எங்களைத்தான் கேட்க வேண்டும், பழையபடி பஸ்ஸிலிருந்து கூப்பிடு. நான் எடுக்க நேரமானால் போனை வைத்துவிடாதே, தடியை ஊன்றிக்கொண்டு வந்துகொண்டிருப்பேன்.

என்றும் உன் நினைவாக,
அம்மா
இந்திராணி மாணிக்கவாசகம்